பலவீனமான சமிக்ஞைக்கு ஒரு வக்காலத்து



இன்சுலினைப் பற்றி உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. இந்த அரங்கில் இருப்பவர்களில் சிலர் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்திருப்பீர்கள். 51 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம் அது. ஆனால் கணையத்தில் உள்ள பீட்டா செல் அதை முதலில் செய்யும்போது அதன் நீளம் 110. நடுவில் ஒரு துண்டு கூடுதலாக இருக்கும். சங்கிலி சரியாக மடிய உதவிவிட்டு அது கழன்றுகொள்ளும். அதை விட்டுவிடுவோம். தலைமாட்டில் இன்னொரு துண்டு இருக்கிறது, 24 அமினோ அமிலங்கள். புரதம் உருவாகும்போதோ உருவான கையோடோ அதை ஒரு நொதி வெட்டி எறிந்துவிடும். ரத்தத்தில் அதைத் தேடினால் கிடைக்காது, மருந்துப் புட்டியிலும் கிடைக்காது. ஆனால் அந்த 24 இல்லாவிட்டால் இன்சுலின் பீட்டா செல்லை விட்டு வெளியே வரவே வராது. இன்றைய பேச்சு முழுக்க அப்படிப்பட்ட துண்டுகளைப் பற்றியதுதான்.

செல்லுக்குள் புரதம் செய்யும் இடம் ரைபோசோம். செல்லின் பொதுவெளியான சைட்டோபிளாசத்தில் அது வேலை செய்கிறது. அங்கேயே தங்கி வேலை பார்க்கும் புரதங்களுக்குச் சிக்கலில்லை. வெளியே போக வேண்டிய புரதங்களும், செல்லின் மேற்பரப்பில் உட்கார வேண்டிய புரதங்களும் முதலில் உள்ளே போயாக வேண்டும். விசித்திரமாகத் தோன்றலாம், வெளியே போகும் வழி எண்டோபிளாச வலைப்பின்னலுக்கு உள்ளேதான் தொடங்குகிறது. நம் உடலின் புரத வகைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் போகிறது. வழியில் நிற்பது ஒரு கொழுப்புச் சவ்வு. அதன் தடிமன் நான்கைந்து நானோமீட்டர்தான். ஆனாலும் நீரை விரும்பும் ஒரு புரதச் சங்கிலி கொழுப்பைத் தானாகக் கடக்காது. அதைக் கடக்க விடுவதற்காகப் பெரிய ஓட்டை போடவும் முடியாது. வலைப்பின்னலுக்குள் கால்சியத்தின் செறிவு வெளியே இருப்பதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். ஓட்டை போட்டால் கால்சியம் கொட்டிவிடும், செல் செத்துவிடும். ஆக, சங்கிலி போக வேண்டும், கால்சியம் ஒழுகக் கூடாது. போகத் தகுந்தவை மட்டுமே போக வேண்டும்.

நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் ஜார்ஜ் பலாடே 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த வலைப்பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வெளிப்பக்கம் முழுக்க ரைபோசோம்கள் ஒட்டிக் கிடந்தன. பிறகு கினிப்பன்றியின் கணையத் திசுவுக்குக் கதிரியக்க லூசினைச் சில நிமிடங்கள் கொடுத்து, புதிதாகப் பிறக்கும் புரதம் எந்த வழியாகப் போகிறது என்று அவரும் சக ஆய்வாளர் ஜேமிசனும் பின்தொடர்ந்தார்கள். வலைப்பின்னல், கோல்ஜி, சுரப்புத் துகள், வெளியேற்றம் என்ற வரிசை தெளிவானது. அந்தப் பணி பலாடேக்கு 1974ல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. பயணம் தெரிந்துவிட்டது. ஏறும் இடத்தில் யாரை ஏற்றுவது என்று முடிவெடுப்பது எது என்பது மட்டும் தெரியவில்லை. ஒரே ரைபோசோம்தான் எல்லாப் புரதத்தையும் செய்கிறது. ரைபோசோமுக்குள் சாதி வேறுபாடு கிடையாது.

அதே நிறுவனத்துக்கு 1967ல் வந்து சேர்ந்தவர் குந்தர் புளோபெல். அவரும் டேவிட் சபாட்டினியும் 1971ல் ஓர் ஊகத்தை எழுதினார்கள். புரதத்தின் தலைமாட்டிலேயே ஏதோ குறிப்பு இருக்கிறது. அதை 'எக்ஸ்' என்ற இன்னும் காணாத ஒன்று பிடித்துச் சவ்வுக்குக் கொண்டுபோகிறது. அவ்வளவுதான். கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. மறு ஆண்டே கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைன் குழு, எதிர்ப்பொருளின் இலேசான சங்கிலியைச் செல்லுக்கு வெளியே சோதனைக் குழாயில் செய்து பார்த்தபோது, அது இயல்பான அளவைவிடச் சற்றே பெரிதாக வந்தது. அந்தக் கூடுதல் தலைமாட்டில்தான் இருந்தது.

1975ல் புளோபெலும் டாப்பர்ஸ்டைனும் செய்த சோதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். எலியின் மைலோமா கட்டியிலிருந்து எதிர்ப்பொருள் சங்கிலிக்கான தூது ஆர்.என்.ஏவை எடுத்தார்கள். ரைபோசோமும் மற்ற உதிரிகளும் கொண்ட ஒரு கலவையில் அதைப் போட்டார்கள். செல் இல்லை, சவ்வு இல்லை. பெரிய சங்கிலி வந்தது. அதே கலவையில் வலைப்பின்னல் சவ்வின் குமிழ்களைச் சேர்த்துச் செய்தார்கள். இப்போது சரியான, சின்ன அளவில் வந்தது. அந்தக் குமிழ்கள் நாயின் கணையத்திலிருந்து எடுத்தவை. ஏன் நாய்? பல விலங்குகளின் கணையத்தில் ஆர்.என்.ஏவைத் தின்றுவிடும் நொதி ஏராளம். நாயின் கணையத்தில் அது குறைவு, அதனால் சோதனை பாழாகாது. இன்றும் உலகம் முழுக்க இந்தத் துறை ஆய்வகங்களின் குளிர்பெட்டிகளில் நாயின் கணையச் சவ்வு இருக்கும்.

அடுத்து, புரதத்தைச் செரிக்கும் நொதிகளை அந்தக் கலவையில் விட்டார்கள். சவ்வு இல்லாமல் செய்த சங்கிலி சிதைந்துபோனது. சவ்வோடு செய்த சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது குமிழுக்குள் பத்திரமாக இருந்தது. கடைசியாக ஒன்று செய்தார்கள், என் பார்வையில் சோதனையின் உயிரே அதுதான். சங்கிலி முழுவதும் உருவாகி முடிந்த பிறகு குமிழ்களைச் சேர்த்தார்கள். ஒன்றுமே உள்ளே போகவில்லை. மடிந்து உருண்டைகட்டிய புரதம் போக முடியாது. ரைபோசோமிலிருந்து நீண்டு வரும்போதே, மடிவதற்கு முன்பே அது நுழைந்தாக வேண்டும். எந்தப் புரதம் என்பதைப் போலவே எந்த நேரம் என்பதும் இங்கே ஒரு நிபந்தனை.

1999ல் இதற்காக நோபல் பரிசு புளோபெலுக்குத் தனியாகக் கிடைத்தது. அறிவியலுக்கு நேரடித் தொடர்பில்லாத செய்தி ஒன்று, சொல்லாமல் விட மனமில்லை. அவர் 1945ல் எட்டு வயதில் சைலீசியாவிலிருந்து குடும்பத்தோடு அகதியாக ஓடியவர். குண்டுவீச்சுக்குச் சில நாட்களுக்கு முன்தான் டிரெஸ்டன் நகரைக் கடந்து போனார். பரிசுப் பணத்தை, ஏறக்குறைய பத்து லட்சம் டாலர், அந்த நகரின் ஃபிரவுன்கிர்ஷே தேவாலயத்தையும் யூத ஆலயத்தையும் மறுபடி கட்டுவதற்குக் கொடுத்துவிட்டார்.

ஊகத்தில் இருந்த 'எக்ஸ்' கடைசியில் கிடைத்தது. பீட்டர் வால்டர் 1980ல் புளோபெலோடு சேர்ந்து அதைப் பிரித்தெடுத்தார். ஆறு புரதங்கள், அவற்றோடு 300 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. அந்த ஆர்.என்.ஏ இருப்பது 1982ல்தான் தெரிந்தது. சமிக்ஞை அறியும் துகள் என்று பெயர். ரைபோசோமிலிருந்து அந்தத் தலைமாட்டுத் துண்டு, அதாவது சமிக்ஞைத் துண்டு, எட்டிப் பார்த்ததும் இந்தத் துகள் அதைப் பற்றிக்கொள்ளும், உற்பத்தியின் வேகத்தையும் குறைத்துவிடும். சவ்வில் இருக்கும் ஏற்பியிடம் போய்ச் சேர்ந்ததும் இருவரிடமும் உள்ள ஜி.டி.பி என்ற ஆற்றல் மூலக்கூறு எரிந்து பிடி தளரும், உற்பத்தி மறுபடி வேகமெடுக்கும். சங்கிலி தப்பான இடத்தில் நீண்டு மடிந்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது.

கதவு எங்கே என்பது அடுத்த கேள்வி. கதவே கிடையாது, சமிக்ஞைத் துண்டு தானாகக் கொழுப்பில் செருகிக்கொண்டு மீதியை இழுத்துப்போகும் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள், அது ஒன்றும் முட்டாள்தனமான வாதமல்ல. பெர்க்லியில் ராண்டி ஷெக்மனும் அவருடைய மாணவர் ரேமண்ட் டெஷேய்ஸும் ஈஸ்டை வைத்து 1987ல் வெளியிட்ட தேடலை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அறிவியலில் அழகு என்றால் இது.

ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ள முடியாத ஓர் ஈஸ்ட். அதற்கு ஹிஸ்டிடினால் என்ற முந்தைய பொருளைக் கொடுத்தால், ஒரு நொதியின் உதவியால் அதை ஹிஸ்டிடினாக மாற்றிப் பிழைத்துக்கொள்ளும். அந்த நொதி சைட்டோபிளாசத்தில் இருக்க வேண்டும். டெஷேய்ஸ் அந்த நொதியின் தலையில் ஒரு சமிக்ஞைத் துண்டை ஒட்டினார். நொதி வலைப்பின்னலுக்குள் போய்விட்டது, ஈஸ்ட் பட்டினி கிடந்தது. இப்போது தட்டு நிறைய இந்த ஈஸ்டைப் பரப்பி, ஹிஸ்டிடினால் மட்டும் கொடுத்தால் எது வளரும்? கதவு பழுதான ஈஸ்ட் மட்டும்தான் வளரும். அதில்தான் நொதி உள்ளே போகாமல் வெளியே தங்கும். கதவு முழுதும் பழுதானால் சாவு நிச்சயம். அதனால் தாழ்ந்த வெப்பநிலையில் ஓரளவு மட்டும் பழுதாகி, 37 டிகிரியில் முழுதும் செத்துப்போகும் ரகங்களைத் தேடினார்கள். கிடைத்த மரபணுக்களில் ஒன்று செக்61. மனிதனிலும் நாயிலும் அதே கதவுதான் என்பதை டாம் ராப்பபோர்ட் குழு 1990களின் தொடக்கத்தில் காட்டியது. அதற்கு முன்பே, 1991ல், சைமனும் புளோபெலும் மின்னோட்டத்தை அளந்து அது நீர் நிறைந்த ஒரு குழாய்தான் என்று காட்டியிருந்தார்கள். குழாயை அடைத்து நின்ற பாதி முடிந்த சங்கிலிகளைப் பியூரோமைசின் என்ற பொருளால் கழற்றி விட்டதும் மின்னோட்டம் சட்டென்று கூடியது.

2004ல் ராப்பபோர்ட் குழு கதவின் வடிவத்தை வெளியிட்டது. கடலின் ஆழத்தில் கொதிநீரில் வாழும் ஆர்க்கியா என்ற வகை நுண்ணுயிர் ஒன்றிலிருந்து எடுத்தது. நடுவில் ஒடுங்கிய குழாய். ஒடுங்கிய இடத்தில் ஆறு அமினோ அமிலங்கள், எல்லாம் கொழுப்பை விரும்புபவை, வளையமாக நிற்கின்றன. கீழே ஒரு சின்னச் சுருள், அடைப்பான். பக்கவாட்டில் கொழுப்பை நோக்கித் திறக்கும் இன்னொரு வாயில். கதவைத் திறக்க வெளியிலிருந்து யாரும் சாவி கொண்டுவருவதில்லை. ரைபோசோம் வந்து மேலே அமர்ந்து கொஞ்சம் தளர்த்துகிறது. பிறகு சமிக்ஞைத் துண்டு அந்தப் பக்கவாட்டு வாயிலில் செருகிக்கொண்டதும் அடைப்பான் நகர்கிறது. நுழைபவனே கதவைத் திறக்கிறான். வளையம் சங்கிலியைச் சுற்றி இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால் கால்சியமும் பெரிதாக ஒழுகுவதில்லை. இது எவ்வளவு நுட்பமான அமைப்பு என்பதற்கு ஒரு சான்று: எலியின் செக்61ல் 344ஆம் இடத்து டைரோசின் ஒன்று ஹிஸ்டிடினாக மாறினால் போதும், அந்த எலிக்குச் சர்க்கரை நோய் வருகிறது.

இதுவரை சொன்னது பாடநூலில் உள்ளது. இனி என் வக்காலத்து.

சமிக்ஞைத் துண்டைப் பின்கோடு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பரிசு அறிவிக்கப்பட்டபோதே பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின, நம் பள்ளி மாணவர்களும் அப்படித்தான் தேர்வில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்கோட்டில் ஓர் இலக்கம் மாறினால் கடிதம் வேறு ஊருக்குப் போய்விடும். சமிக்ஞைத் துண்டில் எத்தனையோ எழுத்து மாறினாலும் பெரும்பாலும் போய்ச் சேரும். இன்சுலினின் 24ஐயும் ஓர் எதிர்ப்பொருளின் சமிக்ஞையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வேலை என்று கண்ணால் சொல்ல முடியாது. நடுவே ஏழு முதல் பதினைந்து வரை கொழுப்பை விரும்பும் அமினோ அமிலங்கள் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதைத் தவிர உறுதியான விதி எதுவும் இல்லை. டேவிட் பாட்ஸ்டைன் குழு 1987ல் ஈஸ்டின் இன்வர்டேஸ் என்ற நொதியின் சமிக்ஞையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனித டி.என்.ஏவிலிருந்து கண்டபடி எடுத்த துண்டுகளை வைத்துப் பார்த்தது. ஐந்தில் ஒரு பங்கு வேலை செய்தது! குருட்டாம்போக்கில் எடுத்ததில் ஐந்துக்கு ஒன்று செல்லுபடியாகும் என்றால், இது என்ன குறியீடு?

பல ஆண்டுகள் இதைப் பரிணாமத்தின் அலட்சியம் என்றுதான் நினைத்தார்கள். மாற்றிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ராமானுஜன் ஹெக்டே. இன்று கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் இருப்பவர். அவருக்கு முன்பே ராப்பபோர்ட் குழு 1995ல் ஒன்றைக் கவனித்திருந்தது: சமிக்ஞை அறியும் துகள் ஏற்றுக்கொண்டு சவ்வுவரை கொண்டுவந்த பிறகும், கதவு தன் பங்குக்கு ஒருமுறை சோதிக்கிறது. சமிக்ஞைகள் எல்லாம் இந்தச் சோதனையில் ஒரே மதிப்பெண் எடுப்பதில்லை. மாட்டின் புரோலாக்டினுக்கு இருப்பது மிக வலுவான சமிக்ஞை. செக்61 மட்டும் இருந்தால் போதும், அது போய்விடும். பிரையான் புரதத்தின் சமிக்ஞை நோஞ்சான். அதற்குக் கதவருகே நிற்கும் டிராப் என்ற உதவியாளர் தேவை. இன்சுலினும் அந்த உதவியை நாடும் ரகம்தான்.

2006ல் ஹெக்டே குழு கேட்டது, இந்த வித்தியாசத்தால் செல்லுக்கு ஏதாவது லாபம் உண்டா என்று. வலைப்பின்னலுக்குள் சரியாக மடியாத புரதங்கள் குவிந்து நெருக்கடி வரும்போது பார்த்தார்கள். புரோலாக்டின் எப்போதும்போல் போய்க்கொண்டிருந்தது. பிரையான் போன்றவற்றின் நுழைவு சட்டென்று குறைந்தது. உள்ளே போகாதவை சைட்டோபிளாசத்திலேயே சிதைக்கப்பட்டன. உள்ளே இடம் இல்லாதபோது, மடிவதில் தகராறு செய்யக்கூடிய சரக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஏற்பாடு இது. பிறகு பிரையானின் நோஞ்சான் சமிக்ஞையைக் கழற்றி, புரோலாக்டினின் வலுவான சமிக்ஞையை மாட்டினார்கள். இப்போது நெருக்கடியிலும் பிரையான் தடையில்லாமல் உள்ளே போயிற்று. உள்ளே அது கட்டிகட்டியாகத் திரண்டது, செல்கள் நெருக்கடியைத் தாங்க முடியாமல் தவித்தன. சமிக்ஞையின் பலவீனம் குறைபாடு இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது. எல்லா சமிக்ஞையும் வலுவாக இருந்திருந்தால் செல்லுக்குத் தேவையானபோது திருகிக் குறைக்க எதுவுமே இருந்திருக்காது.

மறுபக்கமும் உண்டு. உள்ளே போய் மடியத் தவறிய புரதத்தைச் செல் பின்னோக்கி வெளியே இழுத்து அழிக்கிறது. அந்த வழியின் முக்கியப் பாகம் ஹெச்ஆர்டி1. பி97 என்ற மோட்டார் வெளியிலிருந்து இழுக்கும். அழிக்க வேண்டியது என்று யூபிக்விட்டின் முத்திரை குத்தப்பட்டு, புரோட்டியசோம் என்ற சிதைப்பு இயந்திரத்தில் சிதைவு. இந்தக் கண்டிப்பு சில சமயம் அளவுக்கு மீறிப் போகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளில் பெரும்பான்மையோருக்கு சி.எஃப்.டி.ஆர் புரதத்தின் 1480 அமினோ அமிலங்களில் 508ஆம் இடத்து ஃபினைல்அலனைன் ஒன்று இல்லை. மேற்பரப்புக்குப் போக விட்டால் அந்தப் புரதம் ஓரளவு வேலை செய்யும். செல்லோ அதை விடுவதில்லை, பெரும்பாலும் அழித்துவிடுகிறது. 2019ல் வந்த மூன்று மருந்துக் கூட்டு, அதைச் சரியாக மடியவைத்து இந்தச் சோதனையைத் தாண்டவிடுகிறது. மேற்பரப்பை அடைந்த பிறகு அதைத் திறக்கவும் உதவுகிறது.

இந்தப் பின்வாசலைக் கள்ளத்தனமாகப் பயன்படுத்துபவன் காலரா. காலராவைக் கிருமி உண்டாக்குவது நச்சு ஒன்றின் மூலம் என்று 1959ல் கல்கத்தாவில் நிரூபித்தவர் சம்புநாத் டே. முயலின் குடல் துண்டில் கிருமி இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தி அவர் செய்த சோதனைக்குத் தகுந்த மரியாதை அவர் வாழ்நாளில் கிடைக்கவில்லை. அந்த நச்சின் வாலில் கே.டி.இ.எல் என்ற நான்கு எழுத்து இருக்கிறது. வலைப்பின்னலில் குடியிருக்கும் புரதங்கள் தவறி வெளியேறினால் திருப்பிக் கொண்டுவருவதற்கான அடையாளம் அது. அதைக் காட்டி நச்சு பின்னோக்கிப் பயணித்து வலைப்பின்னலுக்குள் வருகிறது. அங்கே தன்னை மடியாத புரதமாகக் காட்டிக்கொள்கிறது. செல் தன் வழக்கப்படி அதை வெளியே இழுக்கிறது. யூபிக்விட்டின் முத்திரை ஒட்டுவதற்கு லைசின் வேண்டும். நச்சின் செயல்படும் துண்டில் லைசின் மிகக் குறைவு. ஆகவே முத்திரை சரியாக விழாமல், அழிவிலிருந்து தப்பி, சைட்டோபிளாசத்தில் மறுபடி மடிந்து, அதன் பிறகு பேதியைத் தொடங்குகிறது.

முன்வாசலை அடைப்பவனும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் புரூலி புண் என்று ஒரு நோய். தோல் அரித்துப் பெரிய புண்ணாகும், ஆனால் வலி தெரியாது, அக்கம்பக்கத்தில் வீக்கமும் அதிகம் இருக்காது. மைகோபாக்டீரியம் அல்சரன்ஸ் என்ற கிருமி உமிழும் மைகோலாக்டோன் செக்61ஐ அடைத்துவிடுகிறது என்று 2014க்குப் பிறகு தெளிவானது. நோய் எதிர்ப்புச் செல்கள் உதவிக்கு அழைப்பதே புரதங்களைச் சுரந்துதான். கதவை அடைத்தால் அழைப்பே வெளியே போகாது.

விஷம் செய்வதை மருந்தாக்கலாமா என்று உடனே கேட்கத் தோன்றும். எல்லாக் கதவையும் அடைத்தால் நோயாளியும் பிழைக்க மாட்டார். இங்கேதான் பலவீனமான சமிக்ஞை மறுபடி வருகிறது. ஒரு பூஞ்சைப் பொருளிலிருந்து உருவாக்கிய கோட்ரான்சின் என்ற சேர்மம், ரத்தக்குழாய்ச் சுவரில் வீக்கத்துக்குத் துணைபோகும் விகாம்-1 புரதம் நுழைவதைத் தடுக்கிறது, வேறு பல புரதங்களை விட்டுவிடுகிறது. 2005ல் இதைப் பார்த்தவர்கள், விகாம்-1ன் சமிக்ஞையை மாற்றினால் தடை போய்விடுவதையும் கண்டார்கள். தடுப்பது புரதத்தைப் பொறுத்ததல்ல, தலைமாட்டில் உள்ள துண்டைப் பொறுத்தது. வலுவான சமிக்ஞை சேர்மத்தைத் தள்ளிவிட்டு நுழைந்துவிடுகிறது. தயங்கும் சமிக்ஞை தோற்றுவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் செய்யவிடாமல், இன்சுலினைத் தொடாமல் விடும் சேர்மம் ஒன்றை வடிவமைக்க வேண்டுமானால், இரண்டின் சமிக்ஞைகளும் கதவில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் தயங்குகின்றன என்பதை அளக்க வேண்டும். அந்த அளவீடு எழுத்து வரிசையைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடியதாக இல்லை. ஒவ்வொன்றாகச் சோதனைக் குழாயில் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் அதே நாயின் கணையச் சவ்வை வைத்து.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மைட்டோகாண்ட்ரியாவின் கதவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.